பதினெட்டு பீரங்கி, ஒரே கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

இந்திய ராணுவத்தின் பீரங்கிப் படையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மதுரை வாசகர்: படை முழுவதையும் ‘ரெஜிமென்ட் ஆஃப் ஆர்ட்டிலரி’ என்கிறார்கள். அதற்குள்ளேயே நூற்றுக்கணக்கில் ரெஜிமென்ட்கள் இருப்பதாகவும் படிக்கிறேன். ஒரு ரெஜிமென்ட்டில் எத்தனை பீரங்கிகள்?

இரண்டுமே சரிதான். படைக்கு மொத்தமாக அந்தப் பெயர். அதற்குள் கர்னல் ஒருவரின் கீழ் தனியாக இயங்கும் ஒவ்வொரு அலகுக்கும் ரெஜிமென்ட் என்றே பெயர். காலாட்படையில் பட்டாலியன் எந்த அளவோ, பீரங்கிப் படையில் ரெஜிமென்ட் ஏறத்தாழ அந்த அளவு.

வழக்கமான ரெஜிமென்ட்டில் 18 பீரங்கிகள். ஆறாறாகப் பிரித்து மூன்று பேட்டரி. இதுபோக, தகவல் தொடர்பு, நில அளவை, வாகனம், சமையல் எல்லாவற்றையும் கவனிக்க ஒரு தலைமையகப் பேட்டரி உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஃபீல்டு ரெஜிமென்ட்டில் பேட்டரிக்கு எட்டு என்று 24 பீரங்கிகள் இருந்தன.

பேட்டரி கமாண்டர் எங்கே இருப்பார் என்பது வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். போர் நடக்கும்போது அவர் பீரங்கிகளின் பக்கத்தில் இருக்கமாட்டார். தாக்கப் போகும் காலாட்படை பட்டாலியன் தளபதியோடு இருப்பார். அவருடைய இளம் அதிகாரிகள் அதைவிட முன்னால், கம்பெனிகளோடு, வானொலிக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். பீரங்கிகள் பல கிலோமீட்டர் பின்னால் ஒரு மலைச்சரிவின் மறைவில் நிற்கும். சுடுகிறவருக்கு இலக்கு தெரியாது. இலக்கைப் பார்ப்பவரிடம் பீரங்கி இல்லை. இந்த இடைவெளியைக் கணக்கால் நிரப்புவதுதான் பீரங்கிப் படையின் தொழில். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே வருகின்றன.

திருநெல்வேலி ஆசிரியை: பீரங்கிப் படை எப்போது தொடங்கியது? மாணவர்களுக்குச் சொல்லும்படி வரலாற்றைத் தரமுடியுமா?

ஆண்டுதோறும் செப்டம்பர் 28-ஐ கன்னர்கள் எனப்படும் பீரங்கி வீரர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1827-இல் அந்த நாளில் பம்பாய்ப் படையில் இந்தியர்களைக் கொண்டு அமைத்த ஒரு பீரங்கிக் கம்பெனி, பிற்பாடு 5-ஆம் பம்பாய் மலைப் பேட்டரி ஆனது. இன்றுவரை அறுபடாமல் தொடரும் அலகுகளில் அதுவே மூத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வங்காளம், பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று மாகாணங்களிலும் தனித்தனிப் பீரங்கிப் படைகள் இருந்தன. மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம் பரங்கிமலை.

1857 எழுச்சியில் இந்திய கன்னர்கள் தங்கள் பீரங்கிகளைக் கம்பெனிக்கு எதிராகவே திருப்பிச் சுட்டார்கள். அதிலிருந்து ஆங்கிலேயர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: துப்பாக்கி கொடுத்தாலும் இந்தியன் கையில் பீரங்கியைக் கொடுப்பதில்லை. இந்தியப் பீரங்கி அலகுகளில் பெரும்பாலானவற்றைக் கலைத்துவிட்டார்கள். தப்பியவற்றில் முக்கியமானவை மலைப் பேட்டரிகள். வடமேற்கு எல்லையில் அவை இல்லாமல் காரியம் நடக்காது என்பதால் விட்டுவைத்தார்கள்.

அந்த மலைப் பேட்டரிகளின் வேலைத்திறன் தனி ரகம். 2.5 அங்குலப் பீரங்கியின் குழலை இரண்டு துண்டாகச் செய்து, கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிப் போவார்கள். சுடவேண்டிய இடம் வந்ததும் இறக்கி, இரண்டு துண்டையும் மரையில் முறுக்கிச் சேர்ப்பார்கள். பிற்பாடு வந்த 3.7 அங்குல மலை ஹோவிட்ஸரை (உயரமாக வளைத்துச் சுடும் பீரங்கி) எட்டுக் கழுதைச் சுமைகளாகப் பிரிக்கலாம். எந்தச் சுமை முதலில் இறங்கவேண்டும், எதன்மேல் எது ஏறவேண்டும் என்பதெல்லாம் இருட்டில் கைக்குப் பழகும்வரை பயிற்சி நடக்கும்.

சமவெளிப் பீரங்கிகள் இந்தியர் கைக்கு மீண்டும் வர 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பெங்களூரில் ‘ஏ’ ஃபீல்டு பிரிகேட் அமைந்தது. 1940-இல் இந்தியப் பீரங்கி ரெஜிமென்ட் என்ற பெயரும், உலகப் போர்ச் சேவைக்காக 1945-இல் ‘ராயல்’ என்ற அடைமொழியும் கிடைத்தன. குடியரசானதும் அந்த அடைமொழி போனது. பீரங்கிப் படையிலிருந்து பிரிந்தவை இரண்டு: ராணுவ விமானப் பிரிவு 1986-இல் தனியானது, வான் பாதுகாப்புப் பிரிவு 1994-இல் தனியானது.

மாணவர்களுக்குச் சொல்ல இன்னொன்று. காலாட்படை ரெஜிமென்ட்களுக்குக் கொடி உண்டு; பீரங்கிப் படைக்குத் தனியாகக் கொடி தேவையில்லை. அவர்களுக்குப் பீரங்கிதான் கொடி. அதை எதிரியிடம் விட்டுவருவது கொடியை இழப்பதற்குச் சமம். ஹவில்தார் உம்ராவ் சிங்கின் கதை அந்த உணர்வோடு படிக்கவேண்டியது. 1944 டிசம்பர் 15-16, பர்மாவின் கலாடன் பள்ளத்தாக்கு. ஜப்பானியர் பீரங்கியாலும் மோர்ட்டாராலும் தொண்ணூறு நிமிடம் தாக்கிவிட்டு, காலாட்படையை ஏவினார்கள். உம்ராவ் சிங் கையெறி குண்டுகளில் இரண்டு முறை காயப்பட்டார். அலை அலையாக வந்த தாக்குதல்களைத் துப்பாக்கியால் சமாளித்தார். தோட்டா தீர்ந்தபின் பீரங்கியைத் தூக்கப் பயன்படும் இரும்புக் கம்பியை எடுத்துக் கைகலந்தார். ஆறு மணி நேரம் கழித்து, அடையாளம் தெரியாத அளவுக்குக் காயங்களோடு தன் பீரங்கியின் அருகே கிடந்தவரைக் கண்டெடுத்தார்கள். சுற்றிலும் பத்து எதிரிகளின் உடல்கள். பீரங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை; அன்றைக்கே அது மறுபடி சுட்டது. அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பீரங்கிப் படையில் அந்த விருதைப் பெற்ற இந்தியர் அவர் ஒருவர்தான்.

திருச்செங்கோடு வாசகர்: எங்கள் ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்த ஜெனரல் குமாரமங்கலம் பீரங்கிப் படைக்காரர் என்பது உண்மையா?

உண்மை. 1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த பி.பி. குமாரமங்கலம், சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். இங்கிலாந்தில் வுலிச் ராணுவக் கல்லூரியில் படித்து, 1930-களில் பீரங்கிப் படை அதிகாரியானார். 1942-இல் லிபியப் பாலைவனப் போரில் காட்டிய வீரத்துக்காக டி.எஸ்.ஓ. விருது பெற்றார், அங்கேயே எதிரியிடம் போர்க் கைதியாகவும் ஆனார். பீரங்கிப் படையிலிருந்து தலைமைத் தளபதியானவர்களில் மல்ஹோத்ரா, ரோட்ரிக்ஸ், பத்மநாபன், தீபக் கபூர் ஆகியோரும் உண்டு. பத்மநாபன் ஓய்வுக்குப்பின் சென்னையில் வாழ்ந்தார்.

கோவை பொறியியல் மாணவர்: இலக்கைப் பார்க்காமலே இருபது கிலோமீட்டருக்கு அப்பால் எப்படி அடிக்கிறார்கள்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதல் வேலை சுடுவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். ஒவ்வொரு பீரங்கியும் எந்த இடத்தில், கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து குறிப்பார்கள். பிறகு டைரக்டர் என்ற கோணமானியை வைத்து, ஆறு குழல்களையும் ஒன்றுக்கொன்று இணையாக, தெரிந்த ஒரு திசையில் நிறுத்துவார்கள். இதில் பிழை வந்தால் பின்னால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்தப் பிழை ஒவ்வொரு ஷெல்லோடும் (பீரங்கிக் குண்டோடும்) பறந்துபோகும்.

கோணத்தை டிகிரியில் அளப்பதில்லை. மில் என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு முழு வட்டத்துக்கு 6,400 மில். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மில் என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். ஆகவே மனக்கணக்கு எளிது: 20 கி.மீ. தூரத்தில் 10 மில் தப்பினால் 200 மீட்டர் விலகும்.

இலக்கைக் கண்ட ஓ.பி. அதிகாரி (முன்னால் நின்று கவனித்துச் சொல்பவர்), தன் அழைப்புக் குறி, இலக்கின் வரைபட எண், உயரம், அங்கே என்ன இருக்கிறது (பதுங்குகுழியா, வாகனமா, திறந்தவெளியில் ஆட்களா), தான் பார்க்கும் திசை எது என்பதை வானொலியில் சொல்வார். கேட்பவர் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். எண்ணில் ஒரு இலக்கம் இடம் மாறினால் ஷெல் நம் ஆட்கள் மேலேயே விழக்கூடும் என்பதால் இதில் விலக்கே கிடையாது.

பீரங்கிகளுக்கான கணக்கைப் போடும் கமாண்ட் போஸ்ட்டில் அந்த எண்களைப் பீரங்கிக்கு உரிய நான்கு கட்டளைகளாக மாற்றுவார்கள்: திசை, குழலின் உயர்கோணம், எத்தனையாம் எண் சார்ஜ் (ஷெல்லைத் தள்ளும் மருந்தின் அளவு), எந்த ஃப்யூஸ் (ஷெல்லை வெடிக்கவைக்கும் கருவி). தூரம் மட்டும் போதாது. காற்றின் வேகமும் திசையும் தரையில் ஒன்று, ஷெல் ஏறும் பல கிலோமீட்டர் உயரத்தில் இன்னொன்று. அதனால் பலூன் விட்டு எடுத்த வானிலைத் தரவு வேண்டும். காற்றின் வெப்பம், அழுத்தம், சார்ஜ் மருந்தின் வெப்பம், அந்தக் குழலின் தேய்மானம் என எல்லாவற்றுக்கும் திருத்தம் உண்டு. தூரம் கூடும்போது ஷெல்லின் சுழற்சியே அதைப் பக்கவாட்டில் இழுக்கும். பூமியின் சுழற்சிக்கும் ஒரு திருத்தம் உண்டு. இன்று ‘சக்தி’ என்ற கணினி அமைப்பு இந்த வேலையை விநாடிகளில் செய்கிறது. அதற்காகக் கைக்கணக்கை விட்டுவிடவில்லை; கணினி படுத்துக்கொண்டால் பட்டியலும் அளவுகோலும் எடுத்துப் போடத் தெரியவேண்டும்.

பீரங்கியில் நம்பர் ஒன் எனப்படும் ஹவில்தார் கட்டளையைத் திருப்பிச் சொல்வார். குறிவைப்பவரான லேயர், டயல் சைட் என்ற குறிக்கருவியில் திசையை வைத்து, குறிக்கம்பத்தை மறுபடி கண்ணாடியில் பிடித்து மட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவருவார். 155 மி.மீ. ஷெல் சுமார் 43 கிலோ. ஃப்யூஸ் பொருத்திய ஷெல்லை முதலில் குழலுக்குள் அழுத்தித் தள்ளி, அதன்பின் துணிப்பைகளில் இருக்கும் சார்ஜை வைத்து, பிரீச்சை (குழலின் பின்கதவை) மூடி, சார்ஜைப் பற்றவைக்கும் பிரைமரைப் பொருத்துவார்கள். எல்லாரும் பின்னுதைப்புப் பாதையை விட்டு விலகியபிறகே சுடலாம்.

முதலில் ஒரே ஒரு பீரங்கிதான் சுடும். ஷெல் இலக்குக்கு முன்பே விழுந்தால் ஓ.பி. அதிகாரி ‘400 கூட்டு’ (400 மீட்டர் தள்ளிச் சுடு) என்பார். இலக்கைத் தாண்டி விழுந்தால் ‘200 குறை’. இலக்கை இரண்டு பக்கமும் அடைத்து, இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்து 50 மீட்டர்வரை வந்ததும், பேட்டரி முழுவதையும் சுடச் சொல்வார். ஆறு பீரங்கிகள் ஆளுக்கு மூன்று ஷெல் என்றால் 18 ஷெல், முக்கால் டன்னுக்கு மேல் இரும்பும் வெடிமருந்தும். ரெஜிமென்ட் முழுவதும் சேர்ந்தால் 54 ஷெல், சுமார் 2.3 டன். சார்ஜ், பெட்டி எல்லாம் கணக்கில் எடுத்தால் அந்த ஒரு கட்டளைக்கே ஐந்து டன் லாரியில் பாதிக்குமேல் காலியாகிவிடும். பீரங்கி ரெஜிமென்ட்டில் லாரிகள் ஏன் அத்தனை என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

சேலம் வாசகர்: கார்கில் போரில் போஃபர்ஸ் அவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது ஏன்? வெளியிட்ட வரம்பைவிட அதிக தூரம் சுட்டதாகச் சொல்வது நம்பக்கூடியதா?

நம்பலாம், இயற்பியல் காரணம் இருக்கிறது. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்; 5,000 மீட்டரில் சுமார் 60 சதவீதம். ஷெல்லைத் தடுத்து நிறுத்தும் காற்று குறைவு என்பதால் அது வெகுதூரம் போகும். சமவெளியில் 24 முதல் 30 கி.மீ. வரை, ஷெல்லின் வகையைப் பொறுத்துச் சுடும் போஃபர்ஸ், அங்கே அதைத் தாண்டியது. ஆனால் இந்த லாபத்தோடு தலைவலியும் சேர்ந்தே வந்தது. குளிரில் சார்ஜ் மருந்து மெதுவாக எரியும். ஷெல் புறப்படும் வேகம் குறையும். ஒன்று தூரத்தைக் கூட்டுகிறது, ஒன்று குறைக்கிறது. காலையில் சரியாக இருந்த கணக்கு மதியம் தப்பிவிடும்.

மலை முகட்டில் அடிப்பது இன்னும் சிரமம். சமவெளியில் 50 மீட்டர் தாண்டி விழுந்தால் பக்கத்தில் எங்கோ விழுந்து சிதறலாவது எதிரியைத் தொடும். கத்தி விளிம்பு போன்ற முகட்டில் 50 மீட்டர் தாண்டினால் ஷெல் மறுபக்கப் பள்ளத்தாக்கில் போய் விழும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் திராஸ் பகுதியில் சில போஃபர்ஸ் பீரங்கிகளை முகடு கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கே கொண்டுவந்து, நேர்ப்பார்வையில் சுட்டார்கள். துல்லியம் கூடியது. ஆனால் நாம் பார்க்கும் முகட்டிலிருந்து எதிரியும் நம்மைப் பார்க்கிறான். அந்த ஆபத்தைத் தெரிந்தேதான் ஏற்றார்கள்.

ராணுவம் வெளியிட்ட கணக்கின்படி, அந்தப் போரில் பீரங்கிப் படை சுட்டது ஷெல், மோர்ட்டார் குண்டு, ராக்கெட் எல்லாம் சேர்த்து சுமார் 2,50,000. சுமார் 300 பீரங்கி, மோர்ட்டார், ராக்கெட் ஏவிகளிலிருந்து நாளொன்றுக்கு 5,000 என்ற கணக்கில் போயின. டைகர் ஹில் மீட்கப்பட்ட நாளில் மட்டும் சுமார் 9,000. பாயிண்ட் 5140 என்ற முகட்டுக்கு 2022-இல் ‘கன் ஹில்’ என்று பெயர் வைத்தது இந்த உழைப்புக்குச் செய்த மரியாதை.

போஃபர்ஸின் தனித்தன்மை அதன் இயந்திர உதவிகளில் இருக்கிறது. சுமார் 12 விநாடியில் மூன்று ஷெல் சுடும். ஒரு துணை இஞ்சின் இருப்பதால், இழுவை லாரி இல்லாமலே சில நூறு மீட்டர் தானாக நகர்ந்து இடம் மாறலாம். 12 டன் எடையுள்ள ஒன்றை மலைப்பாதையில் கையால் தள்ளவேண்டிய அவசியம் இல்லை என்பது சின்ன விஷயமல்ல. குறையும் இருந்தது: எதிரி ஷெல் வரும் பாதையைப் பிடித்து, அது எங்கிருந்து புறப்பட்டது என்று சொல்லும் ரேடார் அன்று நம்மிடம் போதிய தரத்தில் இல்லை. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் அமெரிக்க ரேடார்கள் வாங்கினார்கள். பின்னர் ‘சுவாதி’ உள்நாட்டிலேயே வந்தது.

1986 மார்ச்சில் 410 போஃபர்ஸ் வாங்க ஒப்பந்தம் ஆனது. மறு ஆண்டே வெடித்த லஞ்சக் குற்றச்சாட்டுக்குப் பின் எந்த அரசும் புதிய ஹோவிட்ஸர் கோப்பைத் தொடத் தயங்கியது. அடுத்த புதிய வகை படையில் முறைப்படி சேர்ந்தது 2018 நவம்பரில். முப்பது ஆண்டு இடைவெளிக்கு விலை கொடுத்தது எல்லையில் நின்ற கன்னர்கள். ஊழலை விசாரிப்பதும் ஆயுதம் வாங்குவதும் இணையாக நடந்திருக்க முடியும், நடந்திருக்கவும் வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தூத்துக்குடி வாசகர்: பீரங்கியில் என்னென்ன கோளாறு வரும்? செய்தியில் ‘குழல் வெடித்தது’ என்று படித்தால் அது எதனால்?

மெக்கானிக் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஷெல்லின் அடிப்பகுதியில் செம்பு போன்ற மெதுவான உலோகத்தில் ஒரு வளையம் இருக்கும். ஷெல்லைத் தள்ளும்போது அந்த வளையம் குழலின் உட்புறச் சுருள் வரிகளில் கவ்விப் பிடிக்கவேண்டும். சரியாகக் கவ்வினால் கனமான, முழுமையான ஒரு சத்தம் வரும். பழகிய காது அதிலேயே வித்தியாசம் கண்டுபிடிக்கும். அரைகுறையாகக் கவ்வினால், குழலை உயர்த்தும்போது ஷெல் பின்னுக்கு வழுக்கிச் சார்ஜின் மேல் உட்காரும். சுட்டால் வாயு ஷெல்லைச் சுற்றிக் கசிந்து, அது குறைதூரத்தில் விழலாம். மோசமானால் குழலுக்கே சேதம்.

பைச் சார்ஜ் பயன்படுத்தும் பீரங்கியில் சுட்டதும் எரியும் துணித் துணுக்கு உள்ளே தங்கலாம். அடுத்த சார்ஜை அதன்மேல் வைத்தால் பிரீச் திறந்திருக்கும்போதே பற்றிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முறையும் அறையைப் பார்த்து, ஈரத் துடைப்பானால் துடைத்து, குழல் சுத்தம் என்று குரல் கொடுத்தபிறகே அடுத்தது. அவசரத்தில் இந்தப் படியை விழுங்குவது உயிரோடு விளையாடுவது.

தொடர்ந்து சுட்டுச் சூடேறிய குழலில் ஷெல்லை ஏற்றிவிட்டு ‘காத்திரு’ என்று நிற்பதும் ஆபத்து. சூட்டிலேயே வெடிமருந்து வினைபுரியத் தொடங்கும். பிரைமர் அடித்தும் சுடவில்லை என்றால், குழலை இலக்கின் திசையிலேயே வைத்து, பின்னால் யாரும் நிற்காமல், அந்தப் பீரங்கிக்கு விதித்த நேரம்வரை பொறுத்து, பிறகே பிரைமரை மாற்றவேண்டும். தாமதமாகப் பற்றும் சார்ஜ் உண்டு. உடனே பிரீச்சைத் திறப்பவர் அதன் முகத்துக்கு நேரே நிற்கிறார்.

பின்னுதைப்பை அடக்குவது எண்ணெய் நிறைந்த ஒரு உருளை. குழலைத் திரும்ப முன்னுக்குத் தள்ளுவது அழுத்தப்பட்ட நைட்ரஜன். எண்ணெய் கசிந்தால் பின்னுதைப்பு நீளும். நைட்ரஜன் குறைந்தால் குழல் முழுதாக முன்வராது. ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னுதைப்பு எவ்வளவு நீளம் போனது என்று காட்டும் அளவியை நம்பர் ஒன் பார்க்கவேண்டியது இதற்காகத்தான். பின்கால்களின் மண்வெட்டித் தகடு இளகிய மண்ணில் சரியாக ஊன்றவில்லை என்றால், பீரங்கி ஒவ்வொரு முறையும் சற்று நகரும். முதல் ஷெல் சரி, ஐந்தாவது தப்பு.

தேய்மானம் மெதுவாக வரும் நோய். சுருள் வரிகள் தொடங்கும் இடத்தைச் சூடான வாயு அரித்துக்கொண்டே இருக்கும். வேகம் குறைந்து ஷெல்கள் குறைதூரத்தில் விழத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு வரலாற்றுப் பதிவேடு உண்டு. முழுச் சார்ஜில் சுட்ட ஒரு சுற்றை ஒன்று என்றும், குறைந்த சார்ஜைப் பின்னமாகவும் கணக்கிட்டு எழுதுவார்கள். அந்த ஏட்டை ஒழுங்காக எழுதாத ரெஜிமென்ட்டின் துல்லியத்தை நம்பமுடியாது.

ஷெல்லிலும் கவனிக்க நிறைய உண்டு. எம் 107 வகை 155 மி.மீ. ஷெல்லின் உடலில் சிறு சதுரக் குறிகளைப் பார்க்கலாம். நான்கு சதுரம் இருந்தால் நிர்ணய எடை. ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அரைக் கிலோ வித்தியாசம். மூன்று சதுரமும் ஐந்து சதுரமும் கலந்து சுட்டால் ஒரே கணக்குக்கு வெவ்வேறு இடத்தில் விழும். சார்ஜையும் தயாரிப்புத் தொகுதி வாரியாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே நிழலில் வைத்து, பெட்டிக்குள் வெப்பமானி செருகிப் பார்க்கவேண்டும். வெயிலில் கிடந்த சார்ஜ் வேகமாக எரிந்து ஷெல்லைத் தூரமாக அனுப்பும்.

குழல் வெடிப்பு அரிது. ஷெல் குழலுக்குள்ளேயே வெடிப்பது, ஷெல்லோ சார்ஜோ தரம் குறைந்திருப்பது, குழலுக்குள் அந்நியப் பொருள் கிடப்பது ஆகியவை முக்கிய காரணங்கள். 2017 செப்டம்பரில் பொக்ரானில் சோதனையின்போது எம் 777 பீரங்கி ஒன்றின் குழல் சேதமானது செய்தியில் வந்தது. நல்ல ஃப்யூஸ், சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியும் ஷெல்லின் சுழற்சியும் இரண்டும் கிடைத்தபின்தான் தயார்நிலைக்கு வரும். குழலைவிட்டு வெளியேறும்வரை வெடிக்கக்கூடாது என்பதற்கான பூட்டு அது.

இத்தனைக்கும் பிறகு, அதிகம் நடப்பவை எண் பிழைகள்தான். டயல் சைட்டில் 100 மில் தப்பாக வைத்தால் 20 கி.மீ.யில் ஏறக்குறைய 2 கி.மீ. விலகல். சார்ஜில் ஒரு பையை எடுக்க மறந்தாலோ, கூடுதலாக எடுத்துவிட்டாலோ கிலோமீட்டர் கணக்கில் மாறும். கணக்கை இருவர் தனித்தனியே போட்டுப் பார்ப்பதும், எடுத்து வைத்த பைகளை எண்ணிக் காட்டுவதும் இதற்கான காவல்.

வேலூர் வாசகர்: இப்போது படையில் உள்ள பீரங்கிகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1999-இல் வகுத்த திட்டப்படி, படிப்படியாக எல்லாம் 155 மி.மீ. அளவுக்கு மாறவேண்டும். பல அளவுகள் இருந்தால் ஷெல் வழங்குவதே பெரும்பாடு.

ஜபல்பூரில் செய்த 105 மி.மீ. இந்திய ஃபீல்டு கன் இன்னும் நிறைய இருக்கிறது; 17 கி.மீ. போல சுடும். 2023 முதல் குடியரசு நாள் மரியாதைக் குண்டும் பழைய 25 பவுண்டர் பீரங்கிக்குப் பதில் இதிலிருந்துதான் முழங்குகிறது. ரஷ்ய 130 மி.மீ. எம் 46 பீரங்கிகள் 27 கி.மீ. தூரம் சுடும், அவற்றில் ஒரு பகுதியை 155 மி.மீ. குழல் மாற்றி ‘சாரங்’ ஆக்கினார்கள். போஃபர்ஸ் வடிவமைப்பின் வழியில் வந்த ‘தனுஷ்’ 38 கி.மீ. சுடும்; ராணுவம் 114 கேட்டது, முதல் ஆறு 2019 ஏப்ரலில் வந்தன. அமெரிக்க எம் 777, டைட்டானியத்தால் ஆனதால் 4.2 டன்தான், சினூக் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு மலைமேல் கொண்டுபோகலாம். 145 வாங்கினார்கள். பாலைவனத்துக்குச் சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் கே 9 வஜ்ரா: முதலில் 100, பிறகு 2024 டிசம்பரில் இன்னும் 100. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்த ஏடாக்ஸ் 48 கி.மீ. எட்டும், 307 பீரங்கிகளுக்கு 2025 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. இதன் எடை 18 டன் என்பதால் குறுகிய மலைப்பாதைகளில் சிரமம் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

ராக்கெட் ரெஜிமென்ட்கள் தனி. ‘பினாகா’ ஏவி ஒன்று 12 ராக்கெட்டை 44 விநாடியில் விட்டுவிடும். ஆறு ஏவிகள் கொண்ட பேட்டரி என்றால் 72.

அருவங்காடு மாணவர்: தமிழ்நாட்டுக்கும் பீரங்கிப் படைக்கும் தொழில் தொடர்பு உண்டா?

உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உந்துமருந்து செய்கிறது. ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியின் உடலில் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றி ‘கேட்டபல்ட்’ என்ற தானே ஓடும் பீரங்கியை உருவாக்கினார்கள். ராணுவம் அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது.

தஞ்சாவூர் வாசகி: என் மகள் இளங்கலை கணிதம் படிக்கிறாள். பீரங்கிப் படையில் பெண்கள் அதிகாரியாகச் சேரலாமா?

சேரலாம். 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்த ஐந்து பெண்கள் முதன்முறையாகப் பீரங்கிப் படையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு ஒரு வழி. என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரித் தேர்வு வாரியம்) நேர்காணலுக்குப் போகும் சிறப்பு வழியும் உண்டு. கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் உடனே சேரச் சொல்லுங்கள். எந்தப் படைப்பிரிவு கிடைக்கும் என்பது பயிற்சியில் எடுக்கும் தரவரிசை, விருப்பம், காலியிடம் மூன்றையும் பொறுத்தது. எனவே பீரங்கிப் படைதான் வேண்டும் என்றால் அகாடமியில் தரவரிசையைக் கவனிக்கவேண்டும்.

தேர்வானபின் நாசிக் அருகே தேவ்லாலியில் உள்ள பீரங்கிப் பள்ளியில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி. முக்கோணவியலும் நிகழ்தகவும் அங்கே அன்றாடப் பாடம். கணித மாணவிக்கு அது கூடுதல் பலம். காது, கண் பரிசோதனையை இப்போதே செய்துகொள்வது நல்லது. மருத்துவத் தகுதி விதிகளும் வயது வரம்பும் ஒவ்வொரு அறிவிப்பிலும் இருக்கும். ராணுவத்தின் அதிகாரப்பூர்வ ஆள்சேர்ப்பு இணையதளத்தில் உள்ளதை மட்டும் நம்புங்கள். பணம் கேட்டு வரும் எந்த இடைத்தரகருக்கும் இதில் இடமே இல்லை.